நடுகல் முதல் பெட்டிமுடி வரை: பாலக்காடு – இடுக்கி எல்லைப் பகுதியின் பேரிழப்பு நினைவிடங்களும் அவற்றை நாடிச் செல்லும் மரபும்

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் எடுக்கும் செயலைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாகக் கூறுகிறது. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கும் இவ்வரிசை கல் நடப்பட்டதும் நின்றுவிடவில்லை. நட்ட பின்னரும் இரண்டு நிலைகள் எஞ்சுகின்றன. முதல் நான்கும் ஒருமுறை செய்து முடிக்கப்படுபவை. பெரும்படையும் வாழ்த்தும் கல்லை நாடி வருவோர் மீண்டும் மீண்டும் செய்வதற்குரியவை எனக் கொள்ள இடமுண்டு. சங்கப் பாடல்களில் நடுகல் பெரும்பாலும் சுரவழியில், செல்வோர் கண்ணில் படும் இடத்திலேயே காட்டப்படுகிறது. மலைபடுகடாத்தில் கூத்தரை ஆற்றுப்படுத்துவோன், வழியிடை எதிர்ப்படும் நடுகற்களுக்கு மதிப்புச் செய்து கடந்து செல்லுமாறு அறிவுறுத்துகிறான். அங்ஙனம் மதிப்புச் செய்வோர் இறந்தவனின் சுற்றத்தார் அல்லர். அவனை ஒருபோதும் கண்டிராத வழிப்போக்கர்.

நினைவிடம் என்பதன் இலக்கணத்தில், அதனைச் சென்று காண்போரும் அடங்குவர் என்பது இதனால் பெறப்படும் கருத்து. இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு, தமிழகமும் கேரளமும் சந்திக்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் நிகழ்ந்த பேரிழப்புகளின் நினைவிடங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்விரு பகுதிகளும் வேறு வேறு வகையில் எல்லைகளாக உள்ளன. பாலக்காட்டுக் கணவாய் மேற்கு மலைத்தொடரில் அமைந்த இயற்கை வாயில்; படைகளும் வணிகச் சாத்துகளும் பின்னர் இருப்புப்பாதையும் அதன் வழியே சென்றன. இடுக்கியின் உயர்மலைகளோ கம்பம், போடி பள்ளத்தாக்குகளிலிருந்து மக்கள் ஏறிச் சென்று குடியமர்ந்த நிலம். முன்னது மக்கள் கடந்து சென்ற எல்லை. பின்னது மக்கள் தங்கிவிட்ட எல்லை. இவ்வேறுபாடு இரு பகுதிகளின் துயர நினைவுகளிலும் வெளிப்படுகிறது.

கல்லின் தொன்மை

இம்மலைகளின் இரு பக்கமும் ஈமக் கற்களும் நினைவுக் கற்களும் மிகத் தொன்மையானவை. இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்த மறையூரில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் காணப்படுகின்றன. அப்பகுதி மக்கள் அவற்றை முனியறை என்பர். அவற்றில் எழுத்தில்லை, அடக்கம் செய்யப்பட்டோர் யாரென்பதும் தெரியாது. மலையின் கிழக்கே, தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்துகள் உள்ளன. கி.மு. காலத்தனவாகக் கருதப்படும் இக்கற்களுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் இறந்த ஒருவனைப் பெயருடன் குறிக்கிறது. சில சொற்களே கொண்ட அக்கல்வெட்டில் இறந்தவன் பெயர், இறப்பின் காரணம், நிகழ்ந்த இடம் ஆகிய மூன்றும் இடம்பெற்றுவிட்டன. பிற்கால நினைவிடங்கள் பலவற்றில் இம்மூன்றையும் ஒருசேரக் காண்பது அரிது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இம்மரபின் பெருவடிவம் கண்ணகிக்கு எடுத்த கல் ஆகும். சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களே நடுகல் நிலைகளைப் பின்பற்றி அமைந்துள்ளன. ஆனால் அக்கல் போர்க்களத்தில் வீழ்ந்த மறவனுக்கு எடுக்கப்பட்டதன்று. ஆராயாது வழங்கப்பட்ட தீர்ப்பால் கணவனை இழந்து, ஒரு நகரின் அழிவிற்குக் காரணமான பெண்ணுக்கு எடுக்கப்பட்டது. அரசின் பிழையால் விளைந்த பேரிழப்பிற்கு வேறொரு நாட்டு அரசன் கல் எடுத்ததும், இலங்கைக் கயவாகு உள்ளிட்ட அயல்நாட்டு வேந்தர் வந்து வழிபட்டதும் காப்பியத்தில் இடம்பெறுகின்றன. துயரம் நிகழ்ந்த நாடு ஒன்று, நினைவு நாட்டப்பட்ட நாடு மற்றொன்று என்னும் இந்நிலை எல்லைப் பகுதிக்கு இன்றும் பொருந்துவதாகும்.

இடுக்கி–தேனி எல்லையில் பெரியாறு புலிகள் காப்பகத்தையொட்டி அமைந்த மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் எனப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் எடுத்துரைத்தார். ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் இங்கு மக்கள் அனுமதிக்கப்படுகின்றனர். தமிழகப் பக்கம் பளியங்குடியிலிருந்து கால்நடையாக ஏறுகின்றனர். கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப்புகள் செல்கின்றன. இரு மாவட்ட நிருவாகங்களும் முன்கூட்டியே கூடி ஏற்பாடுகளை வகுக்கின்றன. கோட்டத்தின் உரிமை பற்றி இரு மாநிலங்களுக்கும் இடையே நிலவும் கருத்து வேறுபாடு ஈண்டு ஆய்வுக்குரியதன்று. கோயிற் கட்டடம் பெரிதும் சிதைந்திருந்த காலத்தும், அதன் நினைவு அழியாமல் இருந்தமைக்கு அந்த ஒரு நாள் நடையே காரணம் என்பதே கருதத்தக்கது.

இடமற்ற துயரம்: 1921

பாலக்காட்டு வழியே கடந்து சென்ற துயரம் வேறு தன்மையது. மலபார்க் கிளர்ச்சியின்போது 1921 நவம்பர் 19 அன்று, கைதிகள் ஏறத்தாழ 100 பேர் திரூர் நிலையத்தில் ஒரு மூடிய சரக்குப் பெட்டியில் அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் மாப்பிள்ளை முசுலிம்கள். இந்துக்கள் சிலரும் இருந்தனர். வண்டி சொரணூர், ஒலவக்கோடு வழியாகக் கணவாயைக் கடந்து கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரை அடைந்தது. அங்குப் பெட்டியைத் திறந்தபோது பலர் மூச்சுத் திணறி இறந்து கிடந்தனர். இறந்தோர் தொகை 64, 67, 70 என நூல்தோறும் வேறுபடுகிறது. சென்னை மாகாண அரசு நேப் என்பார் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. உடல்கள் திரூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டு அடக்கம் செய்யப்பட்டன.

இந்நிகழ்வில் இறப்பு எங்கு நேர்ந்தது என்னும் எளிய வினாவிற்கு விடை கூற இயலாது. பட்டாம்பியிலா, ஒற்றப்பாலத்திலா, கணவாயின் காற்றடிக்கும் வெளியிலா என்பதைப் பெட்டிக்குள் இருந்தோரும் அறிந்திருக்க மாட்டார்கள். நடுகல் மரபு இறந்த இடத்தையோ அதனையடுத்த வழியையோ வேண்டி நிற்பது. இங்கோ இறந்த இடம் ஓடிக்கொண்டே இருந்தது. எனவே நினைவு, வண்டி புறப்பட்ட ஊரில் வந்து தங்கியது. திரூர் நகராட்சியின் நகர்மன்றம் வேகன் துயர நினைவு மண்டபமாகவே பெயர் பெற்றுள்ளது. 2018ஆம் ஆண்டு நவம்பரில் திரூர் நிலையச் சுவரில் இந்நிகழ்வைச் சித்திரித்து ரயில்வே வரைவித்த ஓவியம், எழுந்த எதிர்ப்பை அடுத்து அழிக்கப்பட்டது. கிளர்ச்சியின் தன்மை பற்றி வரலாற்றறிஞரிடையே நிலவும் கருத்துகள் பல. அவற்றுள் எதனை ஏற்பினும், காவலில் இருந்தோர் காற்றின்றி இறந்தனர் என்னும் உண்மை மாறுவதில்லை. ஒரு நிலையச் சுவரில் வழிப்போக்கர் அதனைக் காணும் வாய்ப்பு ஏற்பட்டது. சில நாள்களிலேயே அது மறைந்தது.

அவ்விரவில் வண்டி கடந்து சென்ற ஊர்களுள் மங்கரையும் ஒன்று. அவ்வூரில் 1857இல் பிறந்தவர் சேட்டூர் சங்கரன் நாயர். அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்த இவர், பஞ்சாபில் நடத்தப்பட்ட இராணுவ ஆட்சிக் கொடுமைகளைக் கண்டித்து 1919இல் பதவி விலகினார். பின்னர்த் தம் நூலில் பஞ்சாப் ஆளுநராயிருந்த மைக்கேல் ஓடயரைக் குறைகூறியதற்காக 1924இல் இலண்டனில் அவதூறு வழக்கைச் சந்தித்துத் தோற்றார். அதே நூல் காந்தியடிகளின் இயக்கத்தையும் கடுமையாகத் தாக்கியது. அதனாலோ என்னவோ, விடுதலை வரலாற்றில் இவர் பெயர் நெடுங்காலம் அடங்கியே ஒலித்தது.

சங்கரன் நாயர் பதவியைத் துறக்கக் காரணமான ஜாலியன்வாலா பாக், 1961இல் தேசிய நினைவிடமாகத் திறந்து வைக்கப்பட்டது. அங்குச் செல்வோர் துப்பாக்கிப் படை நுழைந்த அதே ஒடுங்கிய சந்து வழியாகவே உள்ளே செல்வர். சுவரில் குண்டு பாய்ந்த தழும்புகளைக் காண்பர். கூட்டம் ஏன் தப்ப இயலவில்லை என்பதை விளக்கப் பலகையின் துணையின்றி அச்சந்தே உணர்த்தியது. 2021இல் நடைபெற்ற புதுப்பிப்பில் அச்சந்தின் சுவர்கள் உருவச் சிற்பங்களால் அணிசெய்யப்பட்டபோது, வரலாற்றறிஞர் பலர் கடிந்து எழுதினர். அவர்தம் கண்டனம் நியாயமானதே. காண்போர் தம் கால்களால் அறிந்த செய்தியை அணிவேலை மறைத்துவிட்டது.

மலையேறியோர்

இடுக்கியின் கண்ணன் தேவன் மலைகளின் வரலாறு இதனினும் அமைதியானது. 1877இல் பூஞ்ஞாற்று மன்னரிடமிருந்து ஜே. டி. மன்றோ பெற்ற உரிமையுடன் இங்குத் தோட்டத் தொழில் தொடங்கிற்று. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தனர். போடியிலிருந்து மலையேறியோர் காட்டை அழித்துத் தேயிலை நட்டனர், லயங்களில் குடியேறினர். லயம் என்பது வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு. அது வேலை உள்ளவரை தங்கும் வீடு. வேலை முடிந்தால் காலி செய்தல் வேண்டும். மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்தும் ஒரு சென்ட் நிலமேனும் தம் பெயரில் இல்லாதோர் பலர். 1956இல் மாநிலங்கள் மொழிவழிச் சீரமைக்கப்பட்டபோது, தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. பிறந்த மண்ணிலும் வாழும் மண்ணிலும் பாதி உரியோராகவே இம்மக்கள் நிற்கின்றனர்.

மூணாற்றில் பழமையான கல்லறைகளுள் சுற்றுலாப் பயணிகள் விரும்பிக் காண்பது எலினோர் இசபெல் மே என்னும் ஆங்கிலப் பெண்மணியுடையது. தோட்ட அதிகாரி ஒருவரின் இளம் மனைவியான இவர் 1894இல் வாந்திபேதியால் இறந்தார். பின்னர் அக்குன்றின் அடியில் தேவாலயம் எழுந்தது. இவர் கதையை வழிகாட்டிகள் பலர் நெகிழ்ந்து கூறுவர். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் அக்காலத்தில் லயங்களையும் விட்டு வைக்கவில்லை. ஆயினும் பெயரும் ஆண்டும் பொறித்த கல்லின் வழியே இன்று அறியப்படும் அக்காலத் தொழிலாளர் எவரும் உளரா என்பது ஐயமே. இழப்பு இருதிறத்தார்க்கும் பொதுவாயினும் கல் அவ்வாறு அமையவில்லை.

1924 சூலையில் பெருவெள்ளம் ஏற்பட்டது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்தில் இது தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் எனப்படும். மூணாறு நகரம் பெரிதும் அழிந்தது. மூணாற்றையும் டாப் ஸ்டேசனையும் இணைத்த குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டு, மீண்டும் அமைக்கப்படவே இல்லை. இவ்வெள்ளம் பற்றிய எழுத்துகளில் இரயில் பாதை பெறும் இடத்தை மாந்தர் பெறவில்லை. இருப்புப்பாதை எத்தகையது, எந்த ஆண்டு அமைந்தது, எஞ்சிய நிலையக் கட்டடம் பின்னர் எவ்வாறு பயன்பட்டது என்பன எளிதில் கிடைக்கின்றன. மாண்ட தொழிலாளர்களின் பெயர்ப்பட்டியலை நாடுவோர் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் நிலை சற்று மாறியது. 1984 நவம்பர் 7 அன்று மூணாற்றில் கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று இறங்குவதைக் காண, அரசு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆர்வத்துடன் ஓடினர். ஆற்றின் குறுக்கே இருந்த தொங்குபாலம் கூட்டத்தின் சுமை தாங்காமல் அறுந்தது. 14 மாணவர்கள் இறந்தனர். மலைக்கு வந்த ஓர் அரிய காட்சியைக் காண விரும்பியதன்றி அக்குழந்தைகள் செய்தது வேறொன்றுமில்லை. அவர்கட்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. நினைவுநாளில் அங்கு மலர் வைத்து அஞ்சலி செலுத்தும் வழக்கம் உண்டானது. அச்சின்னம் சிறியது, மாநில அளவில் அறியப்பட்டதுமன்று. ஆனால் 1924க்கு இல்லாதது 1984க்கு உண்டு. இடையில் தொழிற்சங்கங்களும் பள்ளிகளும் தோன்றியிருந்தன. இறந்தோரைப் பெயர் சொல்லி அழைக்கவல்ல ஆசிரியரும் உடன் பயின்றோரும் ஊரிலேயே இருந்தனர். நினைவிடம் தோன்றுவதற்குப் பொருள்வளத்தைக் காட்டிலும் இத்தகைய ஊர்ப்பிணைப்பே இன்றியமையாதது எனலாம்.

பெட்டிமுடி

2020 ஆகஸ்டு 6 அன்று இரவு, இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு பெயர்ந்தது. பல நாள் பெய்த பெருமழையில் மண்ணும் பாறையும் சரிந்து, கண்ணன் தேவன் கம்பெனியின் நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த நான்கு லயங்களை மூடின. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால், மறுநாள் காலையிலேயே செய்தி வெளியுலகை எட்டியது. 70 பேர் உயிரிழந்தனர். 66 உடல்கள் மீட்கப்பட்டன, நால்வர் கிடைக்கவில்லை. ஓடைவழியே நெடுந்தொலைவு அடித்துச் செல்லப்பட்ட உடல்களும் இருந்தன. கொரோனா காலக் கட்டுப்பாடுகளால் எல்லை கடந்து உறவினர் வருவதும் எளிதாயில்லை. மீட்கப்பட்டோர் இராசமலையில் தோண்டிய நெடுங்குழிகளில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டனர்.

இறந்தோருள் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். கயத்தாறு தமிழ் மக்களுக்குப் புதிய பெயரன்று; 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர். அவ்விடத்தில் அவருக்குச் சிலையும் நினைவு மண்டபமும் உண்டு. பள்ளிக் குழந்தைகள் அழைத்துச் செல்லப்படுகின்றனர். அவ்வூர் வேரிலிருந்து பிரிந்து மலையேறிய குடும்பங்கள் ஒரே இரவில் மாண்டபோது, அவர்கட்கான கல் கயத்தாற்றில் எழவில்லை, மலையில் எழுந்தது. தமிழகத்திற்கு அவர்கள் வெளியே வாழ்ந்தோர்; கேரளத்திற்கு மலைமேல் வாழ்ந்த வேற்று மொழியினர்.

இவ்வேறுபாடு உணர்ச்சிவயப்பட்ட குற்றச்சாட்டாகத் தோன்றலாம். எனினும் நிகழ்ந்தவை அதற்கு இடமளித்தன. பெட்டிமுடி நிகழ்வின் மறுநாள், ஆகஸ்டு 7 அன்று, கோழிக்கோடு விமான நிலையத்தில் விமான விபத்து நேர்ந்தது. விமான விபத்தில் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாயும் பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பங்களுக்கு 5 இலட்சம் ரூபாயும் மாநில அரசால் அறிவிக்கப்பட்டன. இவ்வேறுபாடு அப்போதே பொதுவெளியில் வினாவாக எழுந்தது. முதலமைச்சரும் ஆளுநரும் ஆகஸ்டு 13 அன்று பெட்டிமுடிக்குச் சென்றனர். எஞ்சிய குடும்பங்களுள் எட்டிற்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலத்தில் கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. தலைமுறைகளாகச் சொந்த நிலம் காணாத குடும்பங்களுக்கு நிலம் இவ்வழியில் வந்து சேர்ந்தது என்பதைச் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டியுள்ளது.

இந்தியச் சட்டத்தில் தேசியப் பேரிடர் என ஒன்றை அறிவிப்பதற்கு இடமில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அவ்வாறு ஒரு வகையை வகுக்கவில்லை. எனவே ஒரு துயரம் நாட்டின் துயரம் ஆவது ஆணையால் அன்று. நாட்டு மக்கள் அதனைத் தமதாகக் கொள்வதால்தான். தொல்லியற் சட்டங்களும் இங்கு உதவ மாட்டா. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி பழஞ்சின்னமாகக் கருதப்பட 100 ஆண்டுகள் கடந்திருத்தல் வேண்டும். இராசமலைக் கல்லறைகள் அத்தகுதி பெறுவது அடுத்த நூற்றாண்டிலாகும். அதுவரை அவற்றைக் காப்பது அங்குச் செல்வோர் காலடியே.

செல்வோர் யார்? ஆகஸ்டு 6 அன்று உறவினர்களும் தொழிலாளர்களும் கூடுகின்றனர். மலர் சாத்தி, பிரார்த்தனை செய்து, அழுது திரும்புகின்றனர். அந்நாள் பருவமழையின் உச்சத்தில் அமைகிறது. எந்த மழை உயிர்களைக் கொண்டு சென்றதோ அதே மழையில், சரிவு அஞ்சி மூடப்படக்கூடிய மலைச் சாலைகளில் ஏறியே அங்குச் சேரவேண்டும். ஏனைய நாள்களில் இராசமலைக்கு வருவோர் பெரும்பாலும் இரவிகுளம் தேசியப் பூங்காவின் வரையாடுகளைக் காண வருவோர். குறிஞ்சி பூக்கும் ஆண்டுகளில் அவர் தொகை பெருகும். இவ்வளவு பெருங்கூட்டம் நாடி வரும் மலையில்தான் அந்தக் கல்லறைகளும் உள்ளன. மலைபடுகடாத்தின் வழிப்போக்கரும் நடுகல்லைக் காண்பதற்கெனப் புறப்பட்டவர் அல்லர். பரிசில் நாடிச் சென்றவரே. வழியில் கல் இருந்தது, நின்றனர். இன்றைய பயணி நிற்பதில்லை எனில், பிழை முழுவதும் அவனுடையதன்று. நிற்கச் சொல்லும் ஆற்றுப்படை இல்லை. சுற்றுலா வழிகாட்டிக் குறிப்புகள் தேயிலை அருங்காட்சியகத்தையும் 1924இல் அழிந்த இரயில் பாதையையும் கூறும் அளவிற்கு இவ்விடத்தைக் கூறுவதில்லை.

துயர இடங்களைப் பயணிகள் காணுதல் கேளிக்கையாகிவிடும் என்னும் மறுப்பு உண்டு. அது புறக்கணிக்கத்தக்கதன்று. கல்லறை முன் நின்று படம் எடுத்துக்கொள்வோரைக் கண்டு மனம் வெதும்பும் உறவினரின் உணர்வு மதிக்கத்தக்கது. எனினும் இதற்குத் தீர்வு வருவோரைத் தடுப்பதா, வருவோர்க்கு முறையாக அறிவிப்பதா என்பதே வினா. தடுத்தால் எஞ்சுவது உறவினர் மட்டுமே. அவர்கள் முதுமையடைந்து, பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் சென்றபின், 1924இன் நிலையே இங்கும் உண்டாகும்.

பெயரும் காரணமும்

2024 சூலை 30 அன்று வயநாட்டு முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அடையாளம் காணப்படாத உடல்களும் உடற்பகுதிகளும் புத்துமலையில் தோட்ட நிலத்தில் புதைக்கப்பட்டன. கல்லில் பெயருக்கு மாற்றாக எண்கள் எழுதப்பட்டன. மரபணு ஆய்வின் வழிப் பின்னர் சில எண்கள் பெயர்களாயின. எண் பெயராகும் அந்நாளில் உறவினர் ஒருவர் அங்கு வந்து நிற்கும் செயல், பெயர் பொறித்தல் எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டுகிறது. எல்லைப் பகுதியில் பெயருக்கு மற்றோர் இடரும் உண்டு. தமிழ்ப் பெயர்கள் மலையாள ஆவணங்களில் ஒலி மாறியும் தந்தை பெயரின் முதலெழுத்து இடம் மாறியும் எழுதப்படுவது வழக்கம். வாழ்வோர்க்கு அது குடும்ப அட்டைச் சிக்கல்; இறந்தோர்க்கு அதுவே இறுதி எழுத்தாகிவிடக்கூடும். தமிழாய்வாளர் தலையிட்டுப் பயன் விளைவிக்கத்தக்க சிறிய பணி இது.

பெயரினும் அரிது காரணம். பிரிட்டனின் வேல்சுப் பகுதியில் அபர்வான் என்னும் சுரங்கச் சிற்றூரில் 1966 அக்டோபர் 21 அன்று நிலக்கரிக் கழிவுக் குவியல் சரிந்து பள்ளியை மூடியது. 144 பேர் இறந்தனர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள். விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என 1967இல் அறிவித்தது. ஆயினும் எஞ்சிய குவியல்களை அகற்றும் செலவிற்காக, மக்கள் அளித்த துயர் நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு பெறப்பட்டது. 1997இல்தான் அத்தொகை திருப்பித் தரப்பட்டது, வட்டியின்றி. முப்பது ஆண்டுக் காலம் அவ்வினாவை உயிருடன் வைத்திருந்ததில், வெண்ணிற வளைவுகள் வரிசையாக நிற்கும் அக்கல்லறைகளுக்கும் அங்கு ஓயாது வந்து நின்ற மக்களுக்கும் பங்குண்டு. பெட்டிமுடியில் சரிந்தது கழிவுக் குவியலன்று, இயற்கை மலை; எனவே இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் சரிவின் கீழ் லயங்கள் ஏன் இருந்தன, மழை வலுத்த நாள்களில் ஏன் மக்கள் அகற்றப்படவில்லை, செய்தி சென்று சேர ஏன் ஓர் இரவு கழிந்தது என்னும் வினாக்கள் இயற்கையைச் சார்ந்தவை அல்ல. புலிமான்கோம்பைக் கல்லை வெட்டியவன் பெயரோடு காரணத்தையும் வெட்டினான். இராசமலைக்கு வரும் மாணவன் ஒருவன் பெயர்களைப் படித்தபின் கேட்கும் முதல் கேள்வி இதுவாகவே இருக்கும். அதற்கு விடை கூறும் பலகை அங்கு வேண்டும்.

கிடைக்காமற்போன நால்வரைப் பற்றிக் கூறவேண்டியது ஒன்றுண்டு. கல்லறைக்கு உடல் வேண்டும். நடுகல்லுக்கு வேண்டியதில்லை. சங்க இலக்கியத்தில் உடலை மூடும் கற்குவையாகிய பதுக்கை வேறு, பெயர் பொறித்து நடும் கல் வேறு. இரண்டும் ஓரிடத்தே அமைவதும் உண்டு. எனினும் கீழே எலும்பில்லாத நடுகற்கள் தமிழகத்தில் மிகப்பல. உடல் கிடைத்த 66 பேருக்கும் கிடைக்காத நால்வருக்கும் இடையே வேறுபாடு காட்டாமல் எழுபது பெயர்களையும் ஒருசேர வைத்துப் போற்றுவதற்கு இம்மரபில் முழு இடமுண்டு. ஆகஸ்டு 6 அன்று மலையேறும் குடும்பங்களுள் அந்நால்வரின் உறவினரும் உளர். அவர்களும் மலருடனேயே வருகின்றனர்.